மகரக்கட்டை வென்ற மேடைச் சிறுவன்: பி.யு.சின்னப்பாவின் வாழ்க்கை

பாட்டிலும் நடிப்பிலும் மட்டுமன்றி சிலம்பம், குஸ்தி, வாள்வீச்சு ஆகியவற்றிலும் தேர்ந்து விளங்கியவர், தமிழ்த் திரையின் தொடக்க கால நாயகர்களில் ஒருவரான பி.யு.சின்னப்பா. 1951-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி அவர் காலமானபோது வயது 35 மட்டுமே. அந்தக் குறுகிய வாழ்நாளில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் மேடையிலும் திரையிலுமே கழிந்தன.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1916-ம் ஆண்டு மே 5-ந் தேதி பிறந்த அவருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் சின்னசாமி. தந்தை உலகநாத பிள்ளை நாடக நடிகர். வீட்டிலேயே நாடகச் சூழல் இருந்ததால் ஐந்து வயதிலேயே மகன் மேடையேறினார். சதாரம் நாடகத்தில் குட்டித் திருடன் வேடம் அவருக்குக் கிடைத்தது. பள்ளிப் படிப்பு தொடக்கக் கல்வியோடு நின்றது. பஜனைப் பாட்டும் சிலம்பமும் குஸ்தியும் அவரது பாடங்களாயின.

பாய்ஸ் கம்பெனி நாட்கள்

அக்காலத்தில் சிறுவர்களை மட்டுமே கொண்டு நடத்தப்பட்ட நாடகக் குழுக்களுக்கு பாய்ஸ் கம்பெனி என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் உருவாக்கிய இம்மரபில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, பாட்டு, வசனம், நடனம், கத்திச்சண்டை ஆகியவற்றைக் கற்றனர். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்றனர். வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு, ஒரு பிள்ளையாவது மூன்று வேளை உண்பான் என்பதே பெரும் ஆறுதலாக இருந்தது. கண்டிப்பும் கடும் உழைப்பும் அதற்கான விலை.

இத்தகைய குழுக்களில் புகழ்பெற்றதான மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா சேர்ந்தார். சிறு வேடங்களில் தொடங்கியவர், குரல் வளத்தால் ராஜபார்ட் நிலைக்கு உயர்ந்தார். அதே கம்பெனியில் பயின்ற சிறுவர்களில் ஒருவர் எம்.ஜி.ராமச்சந்திரன். சின்னப்பா நாயகனாகத் தோன்றிய நாடகத்தில் அவருக்கு இணையாகப் பெண் வேடமேற்றவர் அவர்.

சிறுவரை நடிப்புக்கும் போர்க்கலைக்கும் ஒருசேரப் பழக்கும் முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மட்டாஞ்சேரியை உள்ளடக்கிய கொச்சிக் கடலோரத்தில் லத்தீன் கிறிஸ்தவர்கள் பேணிவரும் சவிட்டு நாடகத்தில் களரிப்பயிற்றின் அடிமுறைகள் கலந்துள்ளன. பலகை மேடை அதிர மிதித்தாடி, வாள்வீசிப் பாடும் அக்கலையின் பழைய பாடல்களில் தமிழ் மிகுதியாகக் கலந்திருக்கும்; கற்றுத்தரும் ஆசானுக்கு அண்ணாவி என்ற பெயரும் உண்டு. கடல் கடந்த ஹாங்காங்கிலும் இதே முறை நிலவியது. உலகப் புகழ்பெற்ற ஜாக்கி சான், சீன இசை நாடகப் பள்ளியில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, குட்டிக்கரணமும் குங்ஃபூவும் பாட்டும் கற்று, எட்டு வயதிலேயே திரையில் தோன்றினார்.

குரல் உடைந்தபோது

மேடைச் சிறுவர்கள் அனைவரும் அஞ்சிய பருவம் ஒன்று உண்டு. குரல் உடையும் அப்பருவத்தை நாடகத்தார் மகரக்கட்டு என்றனர். ஒலிபெருக்கி அரிதாக இருந்த அந்நாளில், கடைசி வரிசை வரை எட்டும் குரல் போனால் வேடமும் போகும். சின்னப்பாவுக்கும் அந்நிலை வந்தது. கம்பெனியை விட்டு வெளியேறினார்.

பலருடைய நடிப்பு வாழ்வு அத்துடன் முடிந்திருக்கிறது. சின்னப்பாவோ முறைப்படி கர்நாடக இசை பயின்று புதிய குரலைப் பழக்கினார். மறுபுறம் சிலம்பத்திலும் குஸ்தியிலும் பளு தூக்குவதிலும் தீவிரப் பயிற்சி மேற்கொண்டார். குரல் கைவிட்ட காலத்தில் உடலை வளர்த்த அந்த முயற்சியே பிற்காலத்தில் அவரைப் பிற பாடும் நடிகர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டியது.

ஜூபிடர் நிறுவனம் தயாரித்த சந்திரகாந்தா 1936-ல் அவரைத் திரைக்கு அறிமுகம் செய்தது. அப்படத்தின் இயக்குநர், அதே புதுக்கோட்டையில் பிறந்து உடல் வலிமையால் புகழ்பெற்ற பி.கே.ராஜா சாண்டோ. அடுத்து வந்த படங்கள் எதிர்பார்த்த ஏற்றத்தைத் தரவில்லை. வாய்ப்புகள் குறைந்த நிலையில், மனமுடைந்து துறவு பூண எண்ணி அவர் மௌன விரதம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

திருப்பம் சேலத்திலிருந்து வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம் 1940-ல் உத்தம புத்திரன் படத்தில் அவரை நாயகனாக்கினார. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் கதையைத் தழுவிய அப்படத்தில், கொடுங்கோல் அரசனும் அவனுடைய இரட்டைச் சகோதரனுமாக சின்னப்பா தோன்றினார். தமிழின் முதல் இரட்டை வேடப் படமாகக் கருதப்படும் அது பெரும் வெற்றி பெற்றது.

அதன்பின் ஆர்யமாலா, கண்ணகி, மனோன்மணி என வெற்றிகள் தொடர்ந்தன. 1944-ல் வெளியான ஜகதலப்பிரதாபனில் ஒரே பாடல் காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து உருவங்களில் தோன்றினார். 1949-ன் மங்கையர்க்கரசியில் மூன்று வேடங்கள் ஏற்றார். எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு நிகரான நட்சத்திரமாக அவரை ரசிகர்கள் கொண்டாடினர். பாகவதரின் பலம் குரல். சின்னப்பாவிடம் குரலோடு சண்டைத் திறனும் இருந்தது.

பிருதிவிராஜன் படத்தில் உடன் நடித்த ஏ.சகுந்தலாவை அவர் 1944-ல் மணந்தார். ஈட்டிய பொருளைப் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே அவருக்குத் தடை விதித்ததாக ஒரு செய்தி இன்றும் வழங்குகிறது.

முடியாமல் நின்ற பயணம்

பாய்ஸ் கம்பெனி தோழர் எம்.ஜி.ஆர். 1949-ல் வெளியான ரத்னகுமாரில் சின்னப்பாவுடன் சிறு வேடத்தில் நடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வாள்வீச்சு நாயகனாக எம்.ஜி.ஆர். எழுந்தபோது, அப்பாதையில் முன்சென்றவர் உயிரோடு இல்லை. 1951-ல் புதுக்கோட்டையில் திடீரென உடல்நலம் குன்றி சின்னப்பா மறைந்தார். அவர் நடித்த சுதர்சன் படம் அவரது மறைவுக்குப் பிறகே திரைக்கு வந்தது.

பின்னணிக் குரலும் சண்டைக்கு மாற்று ஆளும் பரவலாகாத காலத்தில், பாட்டையும் போரையும் ஒரே உடலில் சுமந்த நடிகர் அவர். பாய்ஸ் கம்பெனிகள் மறைந்துவிட்டன. அவற்றின் பயிற்சிக்கும், அது சிறுவர்களிடம் கேட்ட விலைக்கும் சின்னப்பாவின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.