திண்டிவனத்தில் ஓர் இரவு: டாக்டர் ஐடா ஸ்கடர்

பல்லடத்தில் பார்த்தாலும் சரி, கோவைக்குக் கொண்டுபோனாலும் சரி, பிரசவம் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் விசாரிப்பது லேடி டாக்டர் இருக்கிறாரா என்றுதான். கூட இருந்து இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் நர்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கோ அந்த வேலையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம். தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்பதால்தான் 1890-ல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். தான் மருத்துவம் படிக்கவில்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அந்தச் சகோதரருக்கு அன்று அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனால் ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது அதற்கும் பின்னால், 1918-ல்.

நம் வீடுகளில் இன்றும் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்றால் இனிக்கிறது. நர்சிங் என்றால் யோசிக்கிறோம். நோயாளி மனம் திறப்பதோ பெரும்பாலும் நர்சிடம்தான். அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களுக்கு 1959-ல் டீ ஓ'ஹாரா என்ற நர்சை நியமித்தார்கள். டாக்டரிடம் சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவாரோ என்று மறைத்த உடல் உபாதைகளை அந்த வீரர்கள் இவரிடம் சொன்னார்கள். திண்டிவனத்துப் பெண்களுக்கு அப்படி ஒருத்தி இல்லை.

வேலூர் நர்சிங் பள்ளி 1946-ல் கல்லூரியாகி, பி.எஸ்சி. பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டம் தந்த முதல் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஐடா அதையும் கண்ணால் பார்த்துவிட்டு, 1960 மே மாதம் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார்.