எழுபது ரூபாய்க்கு ரேடியோ: ஜி.டி. நாயுடுவின் கதை

பெங்களூரில் வாழ்ந்து மறைந்த பெரியவர்கள் சர் எம். விசுவேசுவரய்யாவும் சர் சி.வி. ராமனும். முன்னவர் மைசூர் திவானாக இருந்த பொறியியல் மேதை. பின்னவர் 1930-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. இவர்கள் இருவருமே கோவைக்குச் சென்று ஒரு மனிதருடைய தோட்டத்தைப் பார்த்து வியந்து திரும்பினார்கள். அந்தத் தோட்டக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர்தான் ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த சூலூர் பக்கம் கலங்கல் என்னும் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் நாள், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் துரைசாமி. தகப்பனார் பெயர் கோபால்சாமி. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவந்த பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படிப்பு ஏறவில்லை, ஆனால் கண்ணில் பட்டதை எல்லாம் பிரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் அடங்கவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி துரைசாமியின் மனதைப் பறித்தது. எப்படியும் அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மூன்று ஆண்டுகள் காசு சேர்த்து, முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றினாரா என்றால் இல்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அவருக்குப் பொறியியல் கல்லூரி அதுவே.

பிறகு திருப்பூரில் பருத்தி வியாபாரம் செய்து பணம் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்துவிட்டுத் திரும்பினார். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியால் 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். பஸ் என்றால் நேரம் தவறாது என்ற பெயரை அது சம்பாதித்தது.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகளுக்கு மோட்டார் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கொண்டிருந்த குடியானவனுக்கும் மோட்டார் வேண்டும். எல்லாமே சீமையிலிருந்து வந்தாக வேண்டிய காலம். நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் ஒரு மோட்டாரைச் செய்து முடித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்சார மோட்டார் அது என்று சொல்லப்படுகிறது. இன்று நாட்டின் பல பகுதிகளிலும் கிணற்று மேட்டில் கோவை மோட்டார் ஓடுகிறது என்றால், அந்த வரலாறு தொடங்கிய இடங்களில் பீளமேடும் ஒன்று.

நாயுடு செய்த பொருள்களின் பட்டியல் நீளமானது. பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ‘ரசந்த்’ என்ற சவர எந்திரம், மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் என்று அது போகும். விவசாயத்திலும் கை வைத்து, பருத்தி, சோளம், பப்பாளியில் புது ரகங்கள் கண்டார்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு பொருளைச் செய்யும்போது, சாதாரண மனிதனால் இதை வாங்க முடியுமா, வீட்டில் வைத்து ஆள முடியுமா என்பதே அவருடைய கணக்கு. ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும் பாடிய 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்ய முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய்.

அந்தக் கார் ஏன் நம் தெருக்களில் ஓடவில்லை? அப்போது மத்திய அரசின் 1951-ம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் பெரிய அளவில் தொழில் தொடங்க முடியாது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

அதே 1952-ல் ஜப்பானில் என்ன நடந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் தகப்பனையும் தங்கையையும் பறிகொடுத்த கென்ஜி எக்குவான் என்ற இளைஞர், தோழர்களோடு சேர்ந்து, பொருள்களை வடிவமைக்கும் ஜி.கே. என்ற குழுவைத் தொடங்கினார். 1955-ல் வெளிவந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளுக்கு உருவம் கொடுத்தது அந்தக் குழு. 1961-ல் எக்குவான் வடிவமைத்த, சொட்டு ஒழுகாத சோயா சாஸ் குப்பி இன்றும் உலகெங்கும் சாப்பாட்டு மேஜைகளில் நிற்கிறது. எளிய மனிதனின் கையில் நல்ல பொருள் சேரவேண்டும் என்ற நோக்கம் இருவருக்கும் ஒன்றுதான். அங்கே வரைபடத்தை வாங்கிக்கொள்ளத் தொழிற்சாலைகள் காத்திருந்தன. இங்கே செய்து முடித்த கார் கொட்டகையில் நின்றது.

நாயுடு கோபக்காரர். அரசின் வரி விதிப்பைக் கண்டித்து 1950-களில் பொதுமக்கள் முன்னிலையில் தாம் செய்த பொருள்களைத் தாமே உடைத்து நொறுக்கினார். அறிவாளி செய்கிற காரியமா இது என்று நண்பர்களே வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் உண்டு. உடைந்த ரேடியோவால் சட்டம் மாறவில்லை. நஷ்டம் நாட்டுக்குத்தான்.

ஆனால் அவர் கட்டியவற்றில் ஒன்று உடையாமல் நின்றது. 1945-ல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். மூன்றாம் வகுப்பு படித்தவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்! நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டில் கைத்தொழிலோடு சேர்த்துக் கற்றுத் தரலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

1974 ஜனவரி 4-ம் நாள் தம் எண்பதாவது வயதில் நாயுடு காலமானார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் பாலத்தின் மேலே விரைந்து போய்விட்டால் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது. அதே சாலையில் உள்ள அவருடைய காட்சியகத்தில் இறங்கி, அவர் கை பட்ட பொருள்களைப் பார்க்க வேண்டும்.

பீனியாவிலும் ராஜாஜி நகரிலும் லேத் முன்னால் நிற்கும் நம் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவர்களில் எவனாவது ஒருவன் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பெற்றோர்கள் உடனே திட்டிவிட வேண்டாம். மறுபடியும் பூட்டுகிறானா என்று கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.