கடலச்சத்தை மறைக்காத முன்ஷி அப்துல்லாஹ்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் வேர் நாகூரில் இருக்கிறது. யமன் நாட்டிலிருந்து நாகூர் வந்து, மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே மணம் முடித்த ஷெய்கு அப்துல் காதிர் அவருடைய பூட்டனார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்த அப்துல்லாஹ், குர்ஆன் ஓதியதோடு தமிழும் கற்றார். மலாக்கா வணிகர்களின் கணக்குவழக்குக்கு அன்று தமிழ் வேண்டியிருந்தது. கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததால் ‘முன்ஷி’ என்ற பட்டம் வந்தது. ராபிள்ஸிடம் எழுத்தராகவும் பணியாற்றினார்.

எழுத்தும் ஏடுமாக வாழ்ந்தவர் 1838இல் கடலேற நேர்ந்தது. கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு சிக்கிக்கொண்டது. அதை மீட்பதற்கான கடிதங்களோடு, நம் ஜோகூரின் கிழக்குக் கரையை ஒட்டி, பகாங், திரங்கானு வழியாகப் பயணம் சென்றது. கடற்கொள்ளையர் பயம் வழி நெடுக உடன் வந்தது. அந்தப் பயத்தை அவர் மறைக்கவில்லை. அச்சம் பலருடைய கண்ணை மூடிவிடும். அவருடைய கண்ணையோ திறந்துவிட்டது. இறங்கிய ஊர்களில் மக்கள் ஏன் வறுமையில் உழல்கிறார்கள், உழைத்துச் சேர்த்த பொருளுக்கு ஏன் காவல் இல்லை என்று ஆராய்ந்து எழுதினார். பயண நூல்களில் அதுவரை வழக்கமாயிருந்த கற்பனை அலங்காரம் அதில் இல்லை. கண்டதும் மனம் பட்டதுமே இருந்தன.

1840இல் துணைவியாரை இழந்தார். 1854இல், ஏறத்தாழ 57 வயதில், ஹஜ்ஜை நாடிச் சிங்கப்பூரில் கப்பலேறினார். குமரிமுனைக் கடலில் பெரும்புயல் தாக்கியது. மலைபோல் எழுந்த அலைகளுக்கு நடுவே, எல்லோரும் உயிர்மேல் ஆசை விட்டு அல்லாஹ்வை அழைத்தனர். அவரும் அழைத்தார். புயல் ஓய்ந்ததும் மீண்டும் பேனாவை எடுத்தார். ஆலப்புழையிலும் கள்ளிக்கோட்டையிலும் கண்டவற்றைப் பழைய ஆர்வம் குன்றாமல் குறித்துக்கொண்டார். நடுங்கிய மனத்தை எழுத்து நிலைப்படுத்தியது என்றே கொள்ளலாம்.

அதே ஆண்டு அரபு மண்ணில் வஃபாத்தானார். ஊர் திரும்பும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய குறிப்புகள் சிங்கப்பூர் வந்து அச்சேறின.

அவருடைய மகனார் முகம்மது இப்ராஹிம் முன்ஷி ஜோகூர் அரசுப் பணியில் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலம் என்ற உயர்பதவி பெற்றார். தந்தையைப் போலவே பயண நூலும் எழுதினார். நாகூரில் வேர்விட்டு மலாக்காவில் தழைத்த குடும்பம் இப்படி நம் ஜோகூரிலும் நிழல் தந்தது. கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர் தாம் பட்ட அச்சத்தை எழுதாமலே மறைந்தனர். அவர்களுக்கும் சேர்த்து ஒருவர் எழுதி வைத்தார். அல்லாஹ் அவருடைய மறுமை வாழ்வைச் சிறப்பாக்குவானாக, ஆமீன்.