வலையில் வந்த பெயர்

1998 செப்டெம்பர் 7ஆம் திகதி, பிரான்ஸின் மார்செய் நகருக்குத் தெற்கே ரியூ தீவை அண்டிய கடலில், ஜோன் குளோட் பியான்கோ என்ற மீனவரின் இழுவைமடியில் மீனோடு கறுத்த கட்டியொன்றும் வந்தது. அழுக்கைச் சுரண்டியபோது உள்ளே வெள்ளிக் கைச்சங்கிலி. அதில் அந்த்வான் து செந்த் எக்சுபெரி என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கூடவே மனைவி கொன்சுவேலோவின் பெயரும், அவருடைய நியூயோர்க் பதிப்பகத்தின் முகவரியும். காணாமற்போய் 54 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தடயம் அது.

'குட்டி இளவரசன்' எழுதியவர் என்றால் பலருக்கும் தெரியும். பிரெஞ்சிலிருந்து நேரடியாகவே தமிழுக்கு வந்த புத்தகம் அது. அதைப்பற்றி நிறையப் பேசியாயிற்று. என்னை இழுத்தது வேறொன்று. காணாமற்போனவர்களைத் தேடுவது அவருடைய தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1900இல் லியோன் நகரில் பிறந்தவர். நான்கு வயது நிறையுமுன் தகப்பன் இறந்துவிட, தாய் மரீ ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். கட்டாய இராணுவ சேவைக் காலத்தில் பறக்கக் கற்றார். 1926இல், துலூஸிலிருந்து ஆபிரிக்காவின் டக்காருக்குத் தபால் கொண்டுசென்ற விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்து இயந்திரங்கள் நடுவானில் நின்றுவிடும், கீழே சகாரா. 1927இல் கேப் ஜூபி என்ற பாலைவன நிலையத்துக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார். மணலில் இறங்கிய விமானிகளைத் தேடுவதும், பிடிபட்டவர்களை மீட்கப் பாலைவனக் குழுக்களோடு பேசுவதும் அங்கே அவருடைய வேலைகள்.

1930 ஜூனில், நண்பர் ஆன்ரி கியோமே தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் விமானத்தோடு காணாமற்போனார். செந்த் எக்சுபெரி ஐந்து நாட்கள் மலைகளுக்கு மேலே பறந்து தேடினார், காணவில்லை. கியோமே நடந்தே திரும்பி வந்தார். பனியில் விழுந்து, இனி எழும்புவதில்லை என்று கிடந்தபோது அவருக்கு மனைவியின் நினைவு வந்திருக்கிறது. காப்புறுதிப் பணம் இருக்கிறது, அவள் கஷ்டப்படமாட்டாள். ஆனால், உடல் கிடைக்காவிட்டால்? காணாமற்போனவரைச் சட்டம் இறந்தவராக ஏற்க நான்கு வருடங்கள் செல்லும். கோடையில் பனி உருகும்போது உடல் ஏதாவதொரு பிளவுக்குள் போய்விடும். ஐம்பது மீற்றர் தள்ளி ஒரு பாறை தெரிந்தது. அதில் சாய்ந்து கிடந்தால் உடலை யாராவது கண்டெடுப்பார்கள். அதற்காக எழும்பியவர், பிறகு இரண்டு இரவும் மூன்று பகலும் நடந்தார்.

1939இல் வந்த தன் நூலில் செந்த் எக்சுபெரி இதை விரிவாக எழுதினார். அவருடைய எழுத்தில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது இந்தப் பகுதியைத்தான். சாகக் கிடக்கும் மனிதன் தன் வீட்டுக்காரி ஏறி இறங்கப்போகும் அலுவலகங்களை நினைக்கிறான். இதை எங்கள் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

1935 டிசெம்பரில் அவரும் லிபியப் பாலைவனத்தில் விழுந்தார். அவரையும் இயந்திரவியலாளர் பிரெவோவையும், தண்ணீரின்றிச் சாகும் நிலையில் ஒரு பெதூயின் காப்பாற்றினார். 1936இல் சக விமானி மெர்மோஸ் அத்திலாந்திக் கடலில் மறைந்தார். பாறையை நோக்கி எழும்பி நடந்த கியோமே, 1940 நவம்பரில் மத்தியதரைக் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டார்.

பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தபின் செந்த் எக்சுபெரி நியூயோர்க் போனார். 1943 ஏப்ரலில் 'குட்டி இளவரசன்' அங்கே வெளியானது. அதே மாதம் அவர் போருக்குத் திரும்பினார். பழைய விபத்துகளால் உடம்பு நைந்திருந்தது; பறப்பு உடையைத் தானாகப் போட்டுக்கொள்ளவே முடியாது. பி-38 லைட்னிங் ஓட்டும் வயதையும் தாண்டியிருந்தார். ஒரு தரையிறக்கத்தில் விமானம் சேதமாக, பறக்கத் தடை விழுந்தது. கெஞ்சி, ஆட்களைப் பிடித்து, ஐந்து பறப்புகளுக்கு அனுமதி வாங்கினார். பிறகு அந்த எண்ணிக்கையையும் மீறினார். இதை வீரம் என்பார்கள். எனக்குப் பிடிவாதமாகத்தான் தெரிகிறது.

1944 ஜூலை 31 காலை, கோர்சிகா தீவின் போர்கோ ஓடுபாதையிலிருந்து தனியாகக் கிளம்பினார். ஆயுதமில்லாத வேவு விமானம், கமெராக்கள் மட்டும். பிற்பகல் இரண்டரைக்குமேல் எரிபொருள் இருந்திருக்காது. அவர் வரவில்லை. அவர் தாய்க்கு எழுதிய கடைசிக் கடிதம் அடுத்த வருடம்தான் வீடு வந்து சேர்ந்தது. உடல் இல்லாததால், 1967இல் பாரிஸின் பந்தியோனில் பெயரை மட்டும் பொறித்தார்கள்.

கைச்சங்கிலி போலியென்று பலர் சந்தேகித்தார்கள். தேடுதலைக் குடும்பத்தினரும் நீண்டகாலம் எதிர்த்தார்கள். ஆனால் லூக் வான்ரெல் என்ற மார்செய் சுழியோடி, ரியூவுக்குக் கிழக்கே கடலடியில் தான் முன்பே கண்டிருந்த உலோகத் துண்டுகளை நினைத்துப் பார்த்தார். 2000இல் அவை பி-38 விமானத்துடையவை என்று அறிவித்தார். சிதைவுகள் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கும் 400 மீற்றர் அகலத்துக்கும் சிதறிக் கிடந்தன. ஏறத்தாழ 80 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைவிட ஒன்பது மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் குடித்தவரைப்போல ஆளை மயக்கும்; அதனால் ஹீலியம் கலந்த வாயு வேண்டும். கீழே நிற்பது சில நிமிடங்கள். மேலே வரப் படிப்படியாக நின்று நின்று நெடுநேரம்.

அரசு அனுமதி 2003இல்தான் கிடைத்தது. மேலே கொண்டுவந்த துண்டொன்றில் 2734 என்ற தொழிற்சாலை இலக்கம் இருந்தது. அது அன்று அவர் ஓட்டிச்சென்ற விமானத்தின் இலக்கம். 2004 ஏப்ரலில் உறுதிசெய்தார்கள்.

அதே இடத்தில் ஒரு ஜேர்மன் விமான இயந்திரமும் கிடந்தது. அது 1943 டிசெம்பரில் விழுந்த இளம் விமானியொருவருடையது என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். உண்மையிலேயே ஓர் இளவரசர் அவர்.

செந்த் எக்சுபெரியைத் தானே சுட்டதாக 2008இல் ஒரு முன்னாள் ஜேர்மன் விமானி சொன்னார். அவர் செந்த் எக்சுபெரியின் நூல்களை விரும்பி வாசித்தவர். அதை உறுதிப்படுத்தும் ஆவணம் எதுவும் இல்லை, நான் நம்பவில்லை. மீட்ட துண்டுகளில் குண்டுபட்ட அடையாளம் இல்லை. ஆனால் மீட்டதோ விமானத்தின் சிறு பகுதிதான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தத் துண்டுகள் இப்போது பாரிஸுக்கு அருகே லு பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உடல் கிடைக்கவில்லை. தாய் மரீ 1972இலும், கொன்சுவேலோ 1979இலும் இறந்துபோனார்கள். பியான்கோவின் மடியில் சங்கிலி வந்தபோது, இது அவருடையதுதானா என்று காட்டிக் கேட்க இருவருமே இருக்கவில்லை.