மகளிர் கூடைப்பந்தின் அன்னை

நம் பள்ளி விளையாட்டு விழாவில் கூடைப்பந்துப் போட்டி தொடங்கிவிட்டால் நமக்கு உற்சாகம் கரைபுரண்டு ஓடும். தொண்டை வறளக் கத்துகிறோம். கை சிவக்கத் தட்டுகிறோம். நம் அணி பந்தைக் கூடையில் இட்டால் துள்ளிக் குதிக்கிறோம். எதிரணி இட்டாலோ முகம் வாடி அமர்ந்துவிடுகிறோம். விளையாடுவோர் பத்துப்பேர் என்றால், பார்ப்போர் பல நூறு பேர். விளையாட்டை விளையாடக் கற்பது போலவே, அதைப் பார்க்கவும் கற்க வேண்டும் அல்லவா? இதனை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவரே மகளிர் கூடைப்பந்தின் அன்னை எனப் போற்றப்படும் செண்டா பெரன்சன் அம்மையார்.

1868-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த லித்துவேனியாவில், பூட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில், ஓர் எளிய யூதக் குடும்பத்தில் செண்டா பிறந்தார். 1875-இல் அக்குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குடியேறியது. தந்தையார் தெருத்தெருவாகச் சரக்கு விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பிற்காலத்தில் கலை ஆராய்ச்சியில் உலகப் புகழ் எய்திய பெர்னார்ட் பெரன்சன், செண்டாவின் தமையனார் ஆவார்.

விளையாட்டுத் துறையில் புகழ் பெற்றவர் என்றதும், சிறுவயது முதலே ஓடியாடித் திரிந்தவர் என்று நாம் எண்ணுவோம். உண்மையோ நேர்மாறானது! செண்டா நோஞ்சான் குழந்தை. இசையில் நாட்டம் கொண்டு பியானோ பயின்றார். முதுகுவலி அதையும் தொடரவிடவில்லை. உடலைத் தேற்றிக்கொள்ளும் பொருட்டு 1890-இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியப் பள்ளியில் அரை மனத்துடன் சேர்ந்தார். தொடக்கத்தில் சில நிமிடப் பயிற்சிகூட அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. ஆயினும் விடாமல் பயின்றார். மாதங்கள் செல்லச் செல்ல உடல் தேறியது; உள்ளமும் மலர்ந்தது. தாம் பெற்ற இந்நலத்தைப் பிற பெண்களும் பெற வேண்டும் என்ற ஆவல் அவருள் வேரூன்றியது.

1892 ஜனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் நகரில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். கல்வி பயின்றாலே பெண்ணின் உடல்நலம் கெடும் எனப் படித்தவர்களே நம்பிய காலம் அது. மாணவியருக்கோ வரிசையில் நின்று கைகால் நீட்டும் பயிற்சி சலிப்பூட்டியது. அப்போது, அருகிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் ஆடவருக்கென வகுத்த புதிய விளையாட்டைப் பற்றிச் செண்டா படித்தார். அதுவே கூடைப்பந்து. தம் மாணவியருக்கு ஏற்ற விளையாட்டு இது எனக் கண்டு, உடனே அதனைக் கற்பித்தார்.

1893 மார்ச் மாதம். முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதும் போட்டி நடைபெற்றது. மாணவியர் உடற்பயிற்சி உடையில் இருந்தமையால், ஆடவருக்கு அனுமதி இல்லை. மேல்மாடத்தில் ஒரு புறம் ஓர் அணியின் ஆதரவாளர். மறுபுறம் மற்றோர் அணியினர். எங்கும் வகுப்பு வண்ணங்கள்! பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார் செண்டா. அந்தோ! முதல் எறிதலிலேயே முதலாண்டு அணித்தலைவியின் உயர்த்திய கையில் பந்து பட்டு, தோள் மூட்டு விலகிவிட்டது. உடனே அவளை அறைக்குள் அழைத்துச் சென்று மூட்டைச் சரிசெய்தனர். வேறொருத்தி அவள் இடத்தில் நின்றாள், ஆட்டம் தொடர்ந்தது. இறுதியில் 5-4 என்ற கணக்கில் இரண்டாமாண்டு அணி வென்றது. பார்வையாளர் எழுப்பிய கூச்சலைப் போன்றதொரு கூச்சலை அதற்குமுன் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் எனச் செண்டா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

காயமும் கூச்சலும் கண்ட வேறொருவர், பெண்களுக்கு இவ்விளையாட்டே வேண்டாம் எனக் கதவைச் சாத்தியிருக்கலாம். செண்டா அவ்வாறு செய்யவில்லை. குறையை நீக்கி நிறையைக் காக்க முனைந்தார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியிலேயே ஆட வேண்டும் என்றார். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கலாகாது. 3 விநாடிகளுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கலாகாது. 3 முறைக்கு மேல் தட்டிச் செல்லலாகாது என விதித்தார். ஒருத்தியே பந்தை வைத்துக்கொண்டு புகழ் தேடாமல், தோழியருக்கு வழங்கி அனைவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1899-இல் மகளிர்க்கென வகுக்கப்பட்ட விதிகள் 1901-இல் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளிவந்து, நாடெங்கும் பரவின. 1905 முதல் 1917 வரை மகளிர் கூடைப்பந்துக் குழுவின் தலைவராகவும் தொண்டாற்றினார்.

ஸ்மித் கல்லூரியில் வகுப்புகளுக்கிடையிலான அப்போட்டி ஆண்டுதோறும் ஒரு திருவிழாவாயிற்று. மாணவியர் தத்தம் வகுப்பு வண்ணங்களால் மாடத்தை அலங்கரித்தனர். ஆட்டத்திற்கெனப் பாடல்கள் புனைந்து சேர்ந்து பாடினர். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டால் விளையாட்டின் மாண்பு கெடும் என்பது செண்டாவின் அழுத்தமான கருத்து. அதனாலேயே கல்லூரிகளுக்கிடையே போட்டி வேண்டாம் என்றார்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். இக்கருத்து மகளிர் விளையாட்டின் வளர்ச்சிக்குப் பிற்காலத்தில் தடையாகவும் அமைந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவியர் ஆடவரைப் போல் ஆடுகளம் முழுவதும் ஓடி, அணிக்கு ஐவராக ஆடும் முறை 1971-இல்தான் நிலைபெற்றது. காக்க இட்ட வேலி, காலம் மாறியபின் கட்டாகவும் ஆகிவிடுவது உண்டு. ஆயினும் வேலி இட்ட கையின் அன்பை நாம் மறக்கலாகாது.

செண்டா ஓய்ந்திருக்கவில்லை. 1897-இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்று மேலும் பயின்றார். உடல் நலிந்த மாணவியருக்கெனத் தனிப் பயிற்சிகள் அமைத்தார். 1901-இல் வளைகோற்பந்தாட்டம் தம் கல்லூரியில் இடம்பெறத் துணைநின்றார். 1911-இல் அக்கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் அபட் என்பவரை மணந்து, கல்லூரிப் பணியினின்று விலகினார். பின்னர் 1921 வரை ஒரு பெண்கள் பள்ளியில் பணிபுரிந்தார். கணவர் 1929-இல் மறைந்தார். முதுமையைக் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் கழித்து, 1954 பிப்ரவரி 16-ஆம் நாள் இயற்கை எய்தினார். 1985-இல் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவர் பெயரைச் சேர்த்துச் சிறப்பித்தது.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. பென்சில்வேனியாவின் இம்மாக்குலாட்டா என்னும் கத்தோலிக்க மகளிர் கல்லூரி 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய வெற்றி பெற்றபோது, அருட்சகோதரியரே பார்வையாளர் வரிசையில் அமர்ந்து ஆரவாரம் செய்தனர். வாளிகளைத் தட்டித் தட்டி அரங்கையே அதிரவைத்தனர் அந்த அணியின் ஆதரவாளர்! 1997-இல் மகளிருக்கான தேசியத் தொழில்முறைப் போட்டியும் அங்கே தொடங்கியது. அன்று பூட்டிய கதவுக்குள் நடந்த ஆட்டத்தை, பிற்காலத்தில் தாய்மாரும் தந்தையரும் சிறுமியரும் குடும்பம் குடும்பமாக வந்து கண்டு மகிழ்ந்தனர். ஓர் அணி நிலைபெற வீராங்கனையரின் திறமை மட்டும் போதாது. அவர்கள் தோற்ற நாளிலும் உடன் நிற்கும் ஊரார் வேண்டும்.

அன்புத் தோழியரே! அடுத்த போட்டிக்கு நாம் கூடும்போது செண்டா அம்மையாரை நினைவில் கொள்வோம். நம் அணியை உரக்க வாழ்த்துவோம். எதிரணியை ஏளனம் செய்யோம். எவர் பந்தைக் கூடையில் இட்டாலும் அத்திறமைக்குக் கை தட்டுவோம். தவறிழைத்த தோழியின் பெயரைத்தான் முதலில் அன்போடு அழைப்போம். கீழே விழுந்தவள் எந்த அணியினள் என்று பாராமல் கைகொடுத்துத் தூக்குவோம். பார்வையாளராக அமர்ந்திருக்கும் நமக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு உண்டு. அதனைச் செவ்வனே ஆற்றுவோமாக!