பெரம்பூர் மில் தொழிலாளர்களும் திரு.வி.க.வும்

பெரம்பூர் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸின் நெற்றியில் 'திரு.வி.க. நகர்' என்று பார்த்திருப்பீர்கள். மாநகராட்சி மண்டலத்துக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர்தான். ஆனால் திரு.வி. கலியாணசுந்தரனார் பெரம்பூர்க்காரர் அல்ல, இராயப்பேட்டையில் வாழ்ந்த தமிழாசிரியர். அவர் பெயர் வடசென்னையில் நிலைத்ததற்குக் காரணம் ஒரு மில்.

1883 ஆகஸ்ட் 26-ஆம் தேதி துள்ளம் கிராமத்தில் பிறந்தார். வெஸ்லி பள்ளியில் நன்றாகப் படித்த மாணவர். தம் ஆசிரியர் கதிரைவேற் பிள்ளைமீது நடந்த வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனதால் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. பிறகு ஸ்பென்ஸர் கம்பெனியில் கணக்கு வேலை, அதன்பின் ஆசிரியர் பணி. 1917-இல் அதையும் விட்டு 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். மேலாளர்களின் அடியும் வசையும் வேறு. முறையிட இடமே இல்லை. மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இந்தக் குறைகளைக் காதால் கேட்டார்கள். அவர்களுக்கு மில்லில் வேலையும் இல்லை, லாபமும் இல்லை. ஆனாலும் பேசத் தெரிந்தவர்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள்.

அப்படித்தான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். தொழிலாளருக்கு அவர்கள் தமிழிலேயே விளங்க வைத்தவர் திரு.வி.க. அதே ஆண்டில் அவர் மனைவி கமலாம்பாள் இறந்தார். பிள்ளைகளும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சங்கமும் எழுத்துமே குடும்பமாயின.

நிர்வாகம் சங்கத்தை ஏற்கவில்லை. சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

1921-இல் வந்தது பெரிய சோதனை. ஜூன் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, தொழிலாளர் ஒற்றுமை சாதியால் இரண்டாக உடைந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன், திரு.வி.க. உள்ளிட்ட தலைவர்களை அழைத்து நாடு கடத்துவதாக எச்சரித்தார். வேலைநிறுத்தம் தோற்றது. எல்லாருடைய குரலையும் சேர்த்துக்கொள்ளாத நியாயம் பாதியில் முறிந்துவிடும் என்பதற்குப் புளியந்தோப்பைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1922-இல் மில் நிர்வாகமே ஒரு குழு அமைத்தது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். சங்கத்துக்கு மாற்றாக வந்த ஏற்பாடு, அதிகாரம் நிர்வாகத்தின் கையில்தான். இருந்தாலும் தொழிலாளியைக் கேட்காமல் மில் ஓட்ட முடியாது என்று தோற்ற சங்கம் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டது.

திரு.வி.க. விலகிவிடவில்லை. 1947-இல் அதே மில் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தபோது, அறுபது வயதைக் கடந்திருந்த அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். அதைச் செய்தது, 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் அவரே தலைமை தாங்கிய காங்கிரஸ் கட்சியின் ஆட்சி. 1953 செப்டம்பர் 17-இல் காலமானார். சொத்து என்று அவர் விட்டுப்போனவை நூல்கள்தாம்.

மில் 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிகள். நம்மில் பலர் துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்துச் சங்கத்தின் பயனை அனுபவித்தவர்கள். ஆனால் நம் வளாகத்தில் நாமே நிர்வாகம். வாசல் காவலரும், துப்புரவுப் பணியாளர்களும், பம்ப் போடுகிறவரும் நம்மை நம்பித்தான் இருக்கிறார்கள். மழை நாளில் யாரும் சொல்லாமலே சாக்கடை அடைப்பை எடுத்துவிடுகிறவர்களும் அவர்களே. அந்த மனம் சம்பளத்தால் மட்டும் வருவதில்லை. தன் பேச்சுக்கு இங்கே மதிப்புண்டு என்ற நம்பிக்கையிலும் வருகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பணி நேரத்தை மாற்றும் முன் அவர்களைக் கேளுங்கள். உட்கார்ந்து சாப்பிட இடமும் அதற்கான நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த பொதுக்குழுவில் அவர்கள் சார்பில் ஒருவர் வந்து பேசப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெரம்பூரில் சங்கம் தொடங்கியதும் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிய பேச்சில்தான்.