கல்லில் கண்ட இறகு

ஒரு சிறு இறகு! நம் பள்ளித் தோட்டத்தில் நாள்தோறும் எத்தனையோ இறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன. நாம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 1861-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு கல்லுக்குள் காணப்பட்ட இறகு உலக அறிஞர்களைத் தன்பால் ஈர்த்தது. அதைப் பொறுமையுடன் ஆராய்ந்து பெயர் சூட்டியவர் ஹெர்மன் ஃபான் மேயர். அப்பெருமகனாரின் வாழ்க்கையைச் சிறிது காண்போமா, தோழியரே?

மேயர் 1801-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் சட்ட வல்லுநர். விவிலியத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைத் திருத்திப் பதிப்பித்தவர். மேயருக்குப் பிறவியிலேயே பாதங்கள் வளைந்திருந்தன. மலைகளிலும் கற்குழிகளிலும் ஏறி இறங்கிப் புதைபடிவங்களைத் தேடுவது அவருக்கு எளிதன்று. எனினும் அவர் மனம் தளரவில்லை. கற்களைத் தேடி அவர் செல்ல இயலாவிட்டால் என்ன? கற்கள் அவரைத் தேடி வந்தன! பலரும் தங்களுக்குக் கிடைத்த எலும்புகளை அவரிடம் அனுப்பி, இவை எந்த உயிரினத்தைச் சேர்ந்தவை என்று கேட்டனர்.

அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். 1837 முதல் ஜெர்மானியக் கூட்டமைப்பின் நிதித் துறையில் அலுவலராகப் பணியாற்றினார். அலுவலகத்தில் கணக்கு, ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி. இதுவே அவர் வாழ்க்கை முறை. தாம் ஆராய்ந்த எலும்புகளைத் தாமே நுணுக்கமாகப் படம் வரைந்தார். 1837-இல் பிளேட்டியோசாரஸ் என்னும் டைனோசருக்குப் பெயரிட்டார். 1846-இல் தொல்லுயிர் ஆய்வுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1858-இல் இலண்டன் புவியியல் கழகம் வொல்லாஸ்டன் பதக்கம் வழங்கி அவரைச் சிறப்பித்தது. 1860-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. தம் ஆராய்ச்சி எவருக்கும் கட்டுப்படாதிருக்க வேண்டும் என்பதற்காக அதை அவர் ஏற்கவில்லை.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் சோல்ன்ஹோபன் என்னும் ஊர் உள்ளது. அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக் கல் மிகவும் வழவழப்பானது. கல்லச்சு முறையில் படங்கள் அச்சிட அக்கல்லையே பயன்படுத்தினர். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான நீர்நிலைகளின் அடியில் படிந்த மென்மையான சேறுதான் அவ்வாறு கல்லாயிற்று. அதனால் மிக மெல்லிய பொருளின் வடிவமும் அதில் பதிந்து நின்றது.

அக்கல்லைப் பிளந்தபோதுதான் அந்த இறகு வெளிப்பட்டது. அதன் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். தண்டும் இழைகளும் இன்றைய பறவையின் இறகைப் போலவே தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு பழைய காலத்தில் பறவை இருந்ததற்கு அன்று சான்று இல்லை. யாரேனும் வரைந்து ஏமாற்றியிருக்கலாம் அல்லவா? மேயர் அவசரப்படவில்லை. பிளந்த கல்லின் இரு பாதிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டிலும் அதே இறகின் பதிவு இருந்தது. அது உண்மையான புதைபடிவமே என்று உறுதி செய்த பின்னரே அறிவித்தார். அதற்கு ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராபிகா என்று பெயரிட்டார். கல்லச்சுக் கல்லில் கிடைத்த பழமையான சிறகு என்பது அதன் பொருள்.

அத்துடன் ஓர் எச்சரிக்கையும் செய்தார். இறகு இருப்பதனாலேயே அவ்வுயிரினம் பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் கருதினார். என்னே அவருடைய நிதானம்! இறகுகளுடைய டைனோசர்கள் பலவற்றின் புதைபடிவங்கள் 1996 முதல் சீனாவில் கிடைத்தபோது, அந்த எச்சரிக்கையின் அருமை விளங்கிற்று.

அதே 1861-இல் இறகுகளுடன் கூடிய எலும்புக்கூடு ஒன்றும் அப்பகுதியில் கிடைத்தது. சிறகு இருந்தது, ஆனால் விரல்களில் நகங்களும், பல்லிக்கு உள்ளது போன்ற நீண்ட எலும்பு வாலும் இருந்தன! மியூனிக் நகரப் பேராசிரியர் வாக்னர் அதை நேரில் பாராமலே ஊர்வன இனம் என்று கூறிவிட்டார். 1862-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கிற்று. அங்கு ரிச்சர்டு ஓவன் அதை ஆராய்ந்து பறவை என்று முடிவு செய்தார். டார்வினின் கருத்தை ஏற்றவர்களோ, ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடையே உள்ள பாலமாக அதைக் கண்டனர்.

மேயரின் வாழ்வில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1855-இல் ரீடன்பர்க் அருகே கிடைத்த ஒரு புதைபடிவத்தை அவர் 1857-இல் ஆராய்ந்து, டெரோடாக்டைல் என்னும் பறக்கும் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தார். பின்னர் அது ஹாலந்து நாட்டிலுள்ள ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1970-இல் அமெரிக்க அறிஞர் ஜான் ஆஸ்ட்ரம் அதைக் கூர்ந்து நோக்கியபோது, மங்கலான இறகுத் தடங்கள் தெரிந்தன! அது ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று அவர் அறிவித்தார். 2017-இல் மேலும் ஆராய்ந்தவர்கள், அது பறவைக்கு நெருங்கிய வேறொரு டைனோசர் என்று கூறி, ஆஸ்ட்ரமின் பெயரையே அதற்குச் சூட்டினர். ஆம்! இறகுள்ள உயிரினம் ஒன்று மேயரின் கைக்கு முன்னரே வந்திருந்தும் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. தாம் கண்டதை மறைக்காமல் எழுதி வைத்ததனால் அன்றோ, நூறாண்டுகளுக்குப் பின் வந்தவர் அதைத் திருத்த முடிந்தது?

1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்த ஊரிலேயே மேயர் இயற்கை எய்தினார். அவர் ஆராய்ந்த இறகின் ஒரு பாதி பெர்லினிலும் மறு பாதி மியூனிக்கிலும் பாதுகாக்கப்படுகின்றன. தீர விசாரித்தே மெய்யை அறிய வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வர். அதைத் தம் வாழ்வில் கடைப்பிடித்தவர் மேயர். நாமும் எதையும் பொறுமையுடன் நோக்கி, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லப் பழகுவோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி